ரம்பமும் ரேகையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'ஸ்க்ரோல் சா' என்னும் நுண்ணறுவை ரம்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடு, அதைச் சுற்றி ஒரு மேசை, மேசையின் மேல் நாம் கையால் நகர்த்தும் பலகை ஆகிய இவ்வளவுதான் அந்த இயந்திரம். பலகையின் நடுவே ஒரு துளையிட்டு, பிளேடை அதன் வழியாகக் கோத்து, ஓரத்தைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் அறுத்தெடுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. மழையும் பனிமூட்டமும் வீட்டுக்குள் பிடித்து உட்கார வைக்கும் ஊர்களில் இப்படியொரு பொழுதுபோக்கு வேர்விடுவதில் வியப்பில்லை. பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. ஸ்க்ரோல் சா வாங்கலாம் என்று நினைக்கிறேன். மகனோ, "ஒரு மாதத்தில் அதன் மேல் துணி காயும்" என்கிறான். கையால் அறுக்கும் ரம்பமே போதுமா? — ஓய்வுபெற்ற ஊழியர், அருவங்காடு.

பதில்: தங்கள் மகன் சொல்வது அனுபவப் பேச்சாகவே தெரிகிறது. எங்கள் வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் இப்போது துண்டு காயப் போடும் கொடியாகத்தான் இருக்கிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு இயந்திரத்தை மறந்துவிட்டு, 'ஃபிரெட் சா' என்னும் கைரம்பத்தை வாங்குங்கள். நகை ஆசாரிகள் தகட்டை அறுக்க வைத்திருக்கும் வில் போன்ற ரம்பத்துக்கு இது அண்ணன் முறை. சட்டம் மட்டும் ஆழமாக இருக்கும். நடுவில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல வெட்டிய ஒரு பலகைத் துண்டை மேசை ஓரத்தில் சி கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்தப் பிளவின் மேல் வேலைப் பலகையை வைத்து, பல் கீழ்நோக்கி இருக்குமாறு பிளேடை மாட்டி, இழுக்கும்போது அறுக்க வேண்டும். இந்த வேலையில் கை பழகிவிட்டதென்றால் இயந்திரம் வீணாகாது. பழகாவிட்டாலும் சில நூறு ரூபாயோடு போயிற்று.

பிறகு இயந்திரம் வாங்கும்போது விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். இரு முனைகளிலும் குறுக்கே ஆணி வைத்த பிளேடு மட்டுமே மாட்டக்கூடிய இயந்திரத்தை வாங்காதீர்கள். அந்த ஆணி நுழையும் அளவுக்குப் பெரிய துளை இட வேண்டியிருப்பதால் நுட்பமான உள்வேலைக்கு அது உதவாது. ஆணி இல்லாத ஐந்து அங்குல பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். விளம்பரத்தில் 16 அங்குலம் என்று இருப்பது பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடைப்பட்ட தூரமே தவிர, அறுக்கக்கூடிய மரத்தின் கனம் அல்ல. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 வெட்டு வரை போகும் இயந்திரங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. குளிருக்காகக் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு அறுப்பது நம் ஊர்ப் பழக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த ரம்பத்தின் தூள் மாவைவிட மெல்லியது, கண்ணுக்குத் தெரியாமலே நெஞ்சுக்குள் போகும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் பசையும் சேர்ந்திருப்பதால் முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: கைரம்பத்தில் ஓரளவு தேறிவிட்டேன். ஆனால் வெட்டுவதற்கு மாதிரிகள் கிடைக்கவில்லை. தேடினால் கிடைப்பவை எல்லாம் பனிமான், கழுகு, கிறிஸ்துமஸ் மரம் என்று வெளிநாட்டு உருவங்களாகவே இருக்கின்றன. நான் தினமும் வாசலில் போடும் கோலத்தை வெட்டலாம் என்று உட்கார்ந்தால், கோடு முடிவதற்குள் நடுப்பகுதி முழுவதும் விழுந்துவிடுகிறது. எங்கே தவறு? — வாசகி, குன்னூர்.

பதில்: அம்மா, இதே தவறைச் செய்து, இரவு பதினொரு மணிக்குத் தரையில் மண்டியிட்டுத் துண்டு பொறுக்கியவன் நான். ஒன்பது வட்டத் துண்டுகளும் நான்கு முக்கோணங்களும் கிடைத்தன, கோலம்தான் எங்குமில்லை. கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டியதுதான் நாம் இருவரும் செய்த பிழை. தரையில் கோடு என்பது மாவு. பலகையில் அந்தக் கோடு மரமாக நிற்க வேண்டும். கோடுகளுக்கு நடுவே தெரியும் வெறுந்தரைதான் அறுபட்டு விழ வேண்டும். ஆகவே கோட்டுக்கு இருபுறமும் இணையாக இன்னொரு கோடு வரைந்து அதற்கு அகலம் கொடுத்து, அந்த அகலத்தைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பிவிடுங்கள். கறுப்பு நிற்கும், வெள்ளை விழும். எந்த மாதிரியையும் நான் முதலில் இப்படித்தான் படித்துப் பார்க்கிறேன்.

அடுத்து ஒரு சோதனை. கறுப்பின் மேல் எங்காவது ஓர் எறும்பை விட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளையில் கால் வைக்காமல் எல்லாக் கறுப்புக்கும் அதனால் போய்வர முடிந்தால் அது வெட்டத்தக்க மாதிரி. போக முடியாத கறுப்பு எது இருந்தாலும், அது எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அறுத்து முடித்ததும் கீழே விழும். அதற்கு ஒரு பாலம் போட வேண்டும், அல்லது அதை நீக்கிவிட வேண்டும். பாலத்தின் அகலம் பலகையின் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது என் கைக்கணக்கு.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் சிக்குக் கோலத்தைவிடப் பொருத்தமான மாதிரி இந்த ரம்பத்துக்குக் கிடைப்பது அரிது. கோடு எங்கும் தன்னையே வெட்டிக் கடந்து செல்வதால் எறும்புக்கு வழி எப்போதும் இருக்கிறது. 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் கோடுகள் குறுக்கிடும்படி போடும் எளிய கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோடுகள் குறுக்கிடும் இடங்கள் 16. விழ வேண்டிய வெள்ளைப் பகுதிகள், புள்ளியைச் சுற்றியவை 13, நான்கு புள்ளிகளுக்கு நடுவில் அகப்படுபவை 4, ஆக 17. அதாவது பதினேழு துளை இட வேண்டும். பதினேழு முறை பிளேடைக் கழற்றிக் கோத்து மாட்ட வேண்டும். புள்ளிகளும் வெள்ளையோடு விழுந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பார்ப்பவர் கண் அவற்றைத் தானே வைத்துக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், புள்ளிக்குப் புள்ளி முப்பத்தைந்து மில்லிமீட்டர், கோட்டின் அகலம் ஆறு மில்லிமீட்டர் என்று வைத்தால் இருபது சென்டிமீட்டர்ச் சதுரத்தில் அடங்கும். நடுவில் உள்ள வெள்ளையிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். வெளிக்கோட்டைக் கடைசியாக அறுங்கள், அதுவரை பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்கும். இதைத் தனி மரப்பலகையில் வெட்டாதீர்கள். ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, குறுக்காகச் செல்லும் மெல்லிய வளைவு, துடைக்கும்போதே ஒடிந்துவிடும். பிளைவுட்டில் ஒரு படலத்தின் ரேகை அடுத்த படலத்துக்குக் குறுக்காக இருப்பதால் எந்தப் பக்கம் வளைந்தாலும் தாங்கும்.

பூக்கோலமும் படிக்கோலமும் வேறு சங்கதி. ஒன்றுக்குள் ஒன்றாகத் தொடாமல் நிற்கும் கோடுகள் அவற்றில் நிறைய இருக்கும், எறும்பு தவித்துப்போகும். நான்கு மூலைகளிலும் சிறு பாலங்கள் போட்டால் சரியாகும், ஆனால் அந்தப் பாலங்களும் வடிவத்தின் அங்கம்போலத் தெரிய வேண்டும். ஒட்டுப் போட்டதுபோலத் தெரிந்தால் வேறு கோலம் எடுத்துக்கொள்வதே நல்லது.

தமிழ் எழுத்துகளிலும் இதே கதைதான். வாசலுக்கு 'அன்னை இல்லம்' என்று பலகையில் வெட்ட நினைத்தால் மூன்று புள்ளிகள் காற்றில் நிற்க வேண்டியிருக்கும். மூன்றும் உதிர்ந்தால் வீட்டின் பெயர் 'அனனை இலலம' என்றாகிவிடும். ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுத்துகளுக்கு மேலே ஒரு மெல்லிய பட்டையை ஓட்டி, புள்ளிகளை அதிலிருந்து சொட்டு விழுவதுபோலத் தொங்கவிடலாம். கீழேயும் ஒரு பட்டை ஓடினால் தனியாக நிற்கும் துணைக்காலும் கொம்பும் அதில் ஊன்றிக்கொள்ளும்.

மாதிரியைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். குன்னூரிலும் உதகையிலும் உள்ள பழைய பங்களாக்களின் கூரை முகப்பில், ஓட்டின் சரிவுக்கு இணையாக அடித்திருக்கும் விளிம்புப் பலகைகளை நிமிர்ந்து பாருங்கள். மூவிதழும் சொட்டும் வளைவுமாக வெட்டியிருப்பார்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஒரு வடிவத்தைக் கைபேசியில் நேராகப் படமெடுத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால் உங்கள் அலமாரித் தட்டுக்கு ஒரு முகப்பு கிடைத்துவிடும். ஏ4 தாளை ஏ3 ஆக்க 141 விழுக்காடு என்று சொன்னால் போதும். பாலங்களின் அகலமும் அதே விகிதத்தில் வளரும் என்பதால், பெரிதாக்குவது எப்போதும் பாதுகாப்பு, சிறிதாக்குவது எப்போதும் ஆபத்து.

கேள்வி: மலை ரயிலின் நிழலுருவத்தை வெட்டிச் சுவரில் மாட்ட விரும்புகிறேன். புகை எழும்புவதுபோலக் காட்ட முடியுமா? — கல்லூரி மாணவர், வெலிங்டன்.

பதில்: புகை முடியும், ஆனால் அது புகைபோக்கியோடு ஒட்டியே கிளம்பி, வண்டியின் கூரையிலும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதல் தூசி தட்டலில் ஒடியும். அதைவிட முக்கியமாக, தாங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஒரு பிழை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியில் நீராவி என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பல்சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையில் கோத்துப் பின்னாலிருந்து தள்ளுகிறது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் என்ஜின் நிற்கும். தாங்கள் ஏற்றத்தில் செல்லும் வண்டியின் தலையில் என்ஜினை வைத்திருக்கிறீர்கள். 1908 முதல் உதகை வரை ஓடி, 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமான வண்டியை அதன் ஊர்க்காரரே தலைகீழாக மாட்டினால் நன்றாக இராது. பெட்டியின் சன்னல்களை எல்லாம் வெட்டியெடுத்து, முன் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்காரரை மட்டும் முழுக் கறுப்பாக விடுங்கள்; வண்டி தானாக உயிர்பெறும்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளுக்கு மரப் பொருள்கள் விற்கிறேன். தோடர்களின் பூத்தையல் வடிவங்களை மரத்தில் வெட்டி விற்றால் நன்றாகப் போகும் என்கிறார்கள். சட்டப்படி தடை உண்டா? — கடைக்காரர், உதகை.

பதில்: தாங்கள் கேட்டது சட்டத்தை. நான் முதலில் தொழிலைச் சொல்கிறேன். அந்தத் தையல், துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போட்டுச் சிவப்பிலும் கறுப்பிலும் எழுப்பப்படுவது. வடிவங்கள் படிப்படியாக, நேர்க்கோணங்களாக அமைபவை. அவற்றை ரம்பத்தில் வெட்டினால் மூலைக்கு மூலை பலகையை நின்ற இடத்தில் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு மூலையும் சற்று உருண்டுதான் போகும். புத்துக்குளி என்னும் அவர்களது அசல் போர்வையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு நம் வேலை மங்கலான நகலாகவே தெரியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சீட்டில் அச்சடித்து ஒட்டி, அவர்கள் கைபடாத மரப்பலகையை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பெயர் போடாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகள் தங்கள் கடையிலிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கின்றன. தையல் செய்யும் பெண்களிடம் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் விற்பனையில் பங்கு கொடுத்துச் செய்யலாம். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நம் கோலத்தை எவரும் எடுத்து வெட்டலாம், அது எல்லார் வாசலிலும் கிடப்பது. ஒரு சிறு சமூகம் தன் போர்வைக்கென்று வைத்திருப்பது அப்படியல்ல என்றே நான் நினைக்கிறேன்.

பொதுவாகப் பிறர் வரைந்த மாதிரிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஓவியம் போன்றவற்றின் பதிப்புரிமை, வரைந்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 'இலவசம்' என்று கொடுக்கப்படும் மாதிரிகள் பலவற்றில், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற வரி சிறு எழுத்தில் ஒளிந்திருக்கும். வீட்டுக்கு வெட்டுபவர் அதைத் தாண்டிப் போகலாம். கடைக்கு வெட்டும் தாங்கள் அதைப் படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் பழைய பேரிக்காய் மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. அந்த மரம் இந்த வேலைக்கு ஆகுமா? சில்வர் ஓக் பலகையும் நிறைய இருக்கிறது. — விவசாயி, கொடைக்கானல்.

பதில்: ஆகுமா என்று கேட்கிறீர்களே! நுண்ணறுவைக்குப் பேரி மரத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு. ரேகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமானது. எந்தத் திசையில் அறுத்தாலும் பிசிறு அடிக்காது. அறுத்த முகம் உப்புத்தாள் போடாமலே வழவழப்பாக இருக்கும். நிறமும் இளஞ்சிவப்பாக, வயது ஏற ஏறத் தேன்போல ஆகும். ஆனால் ஈரமாக இருக்கும்போது பலகையாக்கி அப்படியே விட்டால் அப்பளம்போல நெளியும்.

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. மலைப்பகுதிகளில் சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தங்கள் மரம் தானாகச் சாய்ந்ததுதான் என்றாலும், மில்லுக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வழியில் நிறுத்திக் கேட்டால் காற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

மில்லில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பலகை போடச் சொல்லுங்கள். இரு முனைகளிலும் உருகிய மெழுகையோ பழைய பெயிண்ட்டையோ பூசிவிடுங்கள். முனை வழியாக ஈரம் விரைந்து போனால்தான் பலகை வெடிக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள குச்சிகளை நேருக்கு நேராக வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மழை படாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில் விடுங்கள். ஓரங்குலப் பலகை காய ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. கொடைக்கானலில் ஐப்பசியும் கார்த்திகையும் அந்தக் கணக்கைத் தாமதப்படுத்தும். காய்ந்ததா என்று அறிய மீட்டர் வேண்டாம்: ஒரு சிறு பலகையை அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் எடை இறங்காமல் நின்றால் அறுக்கலாம்.

சில்வர் ஓக்கைப் பற்றி எனக்கு இரண்டு மனம். தேயிலைத் தோட்ட நிழல் மரமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் மரமாகவே ஆகிவிட்டது. ஆர வாக்கில், அதாவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகையில் ஜரிகை தூவியதுபோல மினுக்கம் தெரியும். ஆனால் அந்த மினுக்கமே சிறு வளைவுகளில் செதிலாகப் பெயரும். சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் சிவந்து தடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு ஒரு சிறு துண்டை அறுத்துப் பார்த்து, மறுநாள் கை நன்றாக இருந்தால் தொடருங்கள். யூகலிப்டஸ் முறுக்கும், பைன் பிசின் பிளேடில் அப்பும். இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டி எங்காவது கிடந்தால் மட்டும் விடாதீர்கள். அதன் மெல்லிய பிளைவுட் கோல வேலைக்கு அருமையானது. ஓரத் தகரத்தையும் ஒளிந்திருக்கும் சிற்றாணிகளையும் காந்தம் வைத்துத் தேடி எடுத்த பிறகே ரம்பத்தில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பிளேடு அடிக்கடி ஒடிகிறது, கோட்டை விட்டு எப்போதும் வலப்பக்கமே ஓடுகிறது. இயந்திரத்தில் கோளாறா? — வாசகர், கூடலூர்.

பதில்: இயந்திரத்தில் இல்லை. தகட்டிலிருந்து அழுத்தி வெட்டிய பிளேடுகளுக்கு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும்; அந்தப் பக்கம் கூடுதலாக அறுப்பதால் பலகையை நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒதுங்கும். மூன்று, நான்கு பாகை கோணலாகத் தள்ளப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை அதை மறந்தே செய்யும். ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம், அல்லது தளர்ந்த பிளேடு. மாட்டியபின் விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பிபோலத் தெளிவான ஒலி வர வேண்டும். எண் கூடக் கூட பிளேடு தடிமனாகும். மூன்று மில்லிமீட்டர்ப் பலகைக்கு 1, பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் 5 என்று தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டு வரைபடத்தை மாவட்டம் மாவட்டமாக அறுத்துப் பொருத்தும் விளையாட்டாகச் செய்ய விரும்புகிறேன். எந்த அளவில் செய்யலாம்? — ஆசிரியை, கோத்தகிரி.

பதில்: இந்த ரம்பத்தின் பூர்வீகத் தொழிலுக்கே வந்திருக்கிறீர்கள், டீச்சர். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், குழந்தைகளுக்குப் புவியியல் கற்பிப்பதற்காக வரைபடத்தைப் பலகையில் ஒட்டி எல்லைக்கோடுகள் வழியே அறுத்து விற்றார். இன்றைய ஜிக்சா புதிர்கள் அதன் வழிவந்தவைதாம்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் வரைபடம் உயரத்தில் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டரும் அகலத்தில் நாற்பத்து நான்கும் வரும். அந்த அளவில் நம் நீலகிரி சுமார் 25 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரியது. சென்னையோ 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்த் துண்டாகத்தான் வரும். மூன்றாம் வகுப்புக் குழந்தை அதை விழுங்காது, ஆனால் அதன் தம்பியோ தங்கையோ விழுங்கக்கூடும், தொலைந்தும் போகும். சென்னையை மட்டும் அடிப்பலகையிலேயே ஒட்டி நிலையாக விட்டுவிட்டு, மற்ற 37 மாவட்டங்களை அதைச் சுற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் உரிய இடைவெளிகளை அடிப்பலகையில் வேறு நிறத்தில் தீட்டிவிடலாம், "இது ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்காத குழந்தை இராது, பாடம் அங்கேயே தொடங்கிவிடும். நகலெடுக்கும் வரைபடம் புதியதா என்று பாருங்கள். 2019க்கு முந்தையதில் 32 மாவட்டங்களே இருக்கும்.

எல்லைக்கோடுகளில் உள்ள நுணுக்கமான நெளிவுகளை அப்படியே அறுக்க முயலாதீர்கள். எந்த மாவட்டம் எதைத் தொடுகிறது என்பது மாறாமல் இருந்தால் போதும். நம் நீலகிரி தமிழ்நாட்டுக்குள் கோவையையும் ஈரோட்டையும் மட்டுமே தொடுகிறது. மற்றப் பக்கங்களில் கேரளமும் கர்நாடகமும். குழந்தையின் விரல் அதைத் தடவியே உணர வேண்டும். இரு துண்டுகளுக்கு இடையே ஒரே ஒரு வெட்டுத்தான் ஓட வேண்டும். தனித்தனியாக அறுத்துச் சேர்த்தால் ஒருபோதும் பொருந்தாது. மேசை பிளேடுக்குச் செங்கோணமாக இருக்கிறதா என்பதை முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். தடித்த கட்டை ஒன்றில் சிறு வெட்டுப் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, கட்டையைப் பின்புறமாகத் திருப்பி அந்த வெட்டைப் பிளேடின் முதுகில் செருகிப் பாருங்கள். தடங்கலின்றி நுழைந்தால் மேசை சரி. சாய்ந்திருந்தால் துண்டுகள் மேலிருந்து மட்டும் கழலும், கீழிருந்து இறுகும், குழந்தைகள் அடித்து உள்ளே தள்ளுவார்கள்.

தங்கள் 16 அங்குல இயந்திரத்தில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. ஆகவே மாநிலத்தை நடுவில் குறுக்காக ஏதேனும் ஒரு மாவட்ட எல்லை வழியே முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கிழக்கிலிருந்து பாதி, மேற்கிலிருந்து பாதி அறுத்து நடுவில் சந்தித்தால் பின்தூண் இடிக்காது. அதன் பிறகு எல்லாம் எளிது. ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, பின்புறத்தில் மாவட்டத்தின் பெயரை எழுதிவையுங்கள். முன்புறத்தில் எழுதினால் குழந்தைகள் வடிவத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: மாதிரித் தாளைப் பலகையில் ஒட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் பனியில் ஓரமெல்லாம் எழும்பி நிற்கிறது. மையும் பரவிவிடுகிறது. — வாசகர், மன்னவனூர்.

பதில்: மை பரவுவதற்குக் காரணம் இங்க்ஜெட் அச்சு. அதே மாதிரியை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், நனைந்தாலும் கலையாது. தாளை மரத்தின் மேல் நேராக ஒட்டாமல், முதலில் பலகை முழுவதும் மாஸ்கிங் டேப்பை வரிவரியாக ஒட்டி, அதன் மேல் பசைக்குச்சியால் தாளை ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் தாளும் டேப்பும் சேர்ந்து உரிந்துவரும், மரத்தில் பசைக்கறை இராது. முதல்நாள் இரவே ஒட்டிவைக்கும் பழக்கத்தை விட்டு, அறுக்க உட்காரும்போது ஒட்டுங்கள். ரம்ப மேசை வார்ப்பிரும்பாக இருந்தால் அதற்கும் இதே பனி துருவாக வந்து சேரும். வாரம் ஒருமுறை ஒரு மெழுகுவத்தியை அதன் மேல் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் துருவும் பிடிக்காது, பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். தேநீர்க் குவளையை மட்டும் அந்த மேசையில் வைக்காதீர்கள். என் இயந்திரத்தில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.